நரம்பறுந்த இதயம், 18 நாட்கள்

இதய மாற்று அறுவை என்றதும் கிறிஸ்டியான் பர்னார்டு பெயர்தான் வாயில் வரும். 1967 டிசம்பர் 3, ஞாயிறு விடிகாலை, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் உலகிலேயே முதன்முறையாக ஒருவரின் இதயத்தை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தினார், அது துடித்தது. உலகமே கத்தி பிடித்தவரைக் கொண்டாடியது. அதே அறையில் நோயாளியின் தலைமாட்டில் இரவு முழுக்க நின்றவர் ஜோசப் ஒசின்ஸ்கி, மயக்க மருத்துவர். கருவிகளை எடுத்துக் கொடுத்தவர் சிஸ்டர் பெகி ஜோர்டான். இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓட்டியவர்களில் ஒருவர் டீன் ஃப்ரீட்மன் என்ற இளம்பெண். இந்தப் பெயர்களை எங்கள் மயக்க மருத்துவத் துறைக்குள்ளேயே பலர் கேட்டதில்லை.

தென்னாப்பிரிக்க மருத்துவ இதழ் இந்த அறுவைக்கென்றே ஒரு சிறப்பிதழ் போட்டது. இதழின் தேதி டிசம்பர் 30. அதில் பர்னார்டு எழுதிய கட்டுரையின் தலைப்பில் ‘வெற்றிகரமான அறுவையின் இடைக்கால அறிக்கை’ என்று இருக்கும். ஒசின்ஸ்கியும் மயக்க மருத்துவரின் பார்வையில் ஒரு நிகழ்வுக் குறிப்பு எழுதியிருந்தார். இதழின் தேதிக்கு 9 நாட்கள் முன்பே நோயாளி இறந்துவிட்டார். ஆனால் பர்னார்டின் தலைப்பு பொய்யும் இல்லை. பொருத்திய இதயம் கடைசிவரை நன்றாகத்தான் வேலை செய்தது. அவரைக் கொண்டுபோனது நுரையீரல்.

அறுவை ஜெயித்து ஆள் தோற்றார் என்றால், கதையின் மீதிப் பாதி தையல் போட்ட இடத்தில் இல்லை. தலைமாட்டிலும் கட்டிலோரத்திலும் இருக்கிறது. மயக்க மருத்துவரும் செவிலியரும் பார்க்க வேண்டிய நிகழ்வாக இதை எடுத்துக்கொள்வதற்கு அதுதான் காரணம்.

நோயாளி

லூயிஸ் வாஷ்கான்ஸ்கி. லித்துவேனியாவிலிருந்து சின்ன வயதிலேயே குடிபெயர்ந்த யூதர். கேப் டவுனில் மளிகை வியாபாரம். வயது 50-ஐத் தாண்டியிருந்தது. சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் உண்டு. பலமுறை மாரடைப்பு வந்து இதயத் தசையின் பெரும்பகுதி தழும்பாகிப் போயிருந்தது. 1967 செப்டம்பரிலிருந்தே மருத்துவமனைவாசம். கல்லீரல் வீங்கியிருந்தது; படுத்தால் மூச்சு முட்டும்; கால்கள் நீர்கோத்துத் தூண் மாதிரி ஆகிவிட்டன.

அந்தக் கால்களில் ஒரு விஷயம் இருக்கிறது. நீர்மாத்திரைக்கும் அடங்காத வீக்கத்தை அந்தக் காலத்தில் தோலுக்கடியில் ஊசி செருகி வடியவிடுவார்கள். இவருக்கும் வடித்தார்கள். வடித்த இடத்தில் தோல் புண்ணாகித் தொற்று பிடித்தது. அறுவைக்கு முன்பே உடம்பில் கிருமி குடியேறியாகிவிட்டது என்று அர்த்தம். மூக்கு, தொண்டை, தோல் என்று பல இடங்களில் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கிருமிநாசினி சோப்பால் உடம்பைக் கழுவினார்கள். இந்த வேலையெல்லாம் செவிலியர்களுடையது. இன்று ஒரு நோயாளி மாற்று இதயத்துக்குக் காத்திருக்கும்போது பல்லில் சொத்தை உண்டா, கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் உண்டா, பழைய ஊசிக் குத்து சிவந்திருக்கிறதா என்று தலை முதல் கால் வரை பார்க்கிறோமே, அது ஏதோ சம்பிரதாயம் என்று நினைக்கிற பயிற்சி மருத்துவர்களுக்கு நான் வாஷ்கான்ஸ்கியின் காலைப் பற்றித்தான் சொல்வேன்.

அடுத்த அறை

கொடையாளர் டெனீஸ் டார்வல், வயது 25. டிசம்பர் 2, சனிக்கிழமை பிற்பகல் குடும்பத்தோடு போகும் வழியில் கேக் வாங்க இறங்கியவர், தாயாரோடு சாலையைக் கடக்கும்போது கார் மோதியது. தாயார் அங்கேயே இறந்துவிட்டார். டெனீஸுக்கு மூளையில் மீள முடியாத சேதம். தந்தை எட்வர்டு டார்வலிடம் மருத்துவர்கள் வந்து கேட்டார்கள்; சில நிமிடங்கள் யோசித்துவிட்டுச் சம்மதம் சொன்னார். ஒரே நாளில் மனைவியையும் மகளையும் இழந்தவர்.

கொடையாளரின் தலைமாட்டிலும் ஒரு மயக்க மருத்துவர் நிற்க வேண்டும். இங்கே நின்றவர் செசில் மாஸ். ரக்பி பார்க்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கலாம். தென்னாப்பிரிக்க அணிக்கு விளையாடியவர், பிற்பாடு அதன் பயிற்சியாளரும் ஆனார். மூளை செயலிழந்த உடம்பைக் கவனிப்பது லேசான வேலை இல்லை. இரத்த அழுத்தம் திடீரென்று எகிறும், அப்புறம் சரியும். சிறுநீர் கட்டுக்கடங்காமல் போகும். உடம்பு குளிர்ந்துகொண்டே வரும். ‘இறந்தவர்தானே’ என்று அரை மனதாகப் பார்த்தால், சில மணி நேரம் கழித்துப் பக்கத்து அறையில் அதன் பலன் தெரியும்.

1967-ல் மூளைச்சாவு என்பதற்குச் சட்டத்தில் தெளிவான இடம் இல்லை. அதனால் வென்டிலேட்டரை நிறுத்தி, இதயம் நின்ற பிறகே நெஞ்சைத் திறந்தோம் என்றுதான் அன்று சொன்னார்கள். பிறகு பம்பில், அதாவது இதய-நுரையீரல் இயந்திரத்தில், போட்டுக் குளிர்வித்து இதயத்தை எடுத்தார்கள். இரண்டு ஆபரேஷன் தியேட்டரும் அடுத்தடுத்து. இதயம் பயணம் செய்த தூரம் சில எட்டுகள்தான்.

இன்று அப்படி வாய்ப்பது அரிது. எடுத்த இதயம் பனிப்பெட்டிக்குள் சுமார் 4 மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்கிறோம். சென்னையில் 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் இதயத்தைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போக்குவரத்தை நிறுத்தி 11 நிமிடத்தில் கொண்டுபோனது பலருக்கும் நினைவிருக்கும். ஊருக்குத் தெரிந்தது சாலையில் பறந்த வண்டி. இப்படி இதயம் சாலையில் வரும் நாட்களில் பெறுபவரின் தலைமாட்டில் நிற்பவர் இன்னொரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதயம் நல்லது என்று கொடையாளர் பக்கத்திலிருந்து போன் வரும்வரை மயக்கம் கொடுக்கக் கூடாது. வண்டி வாசலுக்கு வரும்போது நெஞ்சு திறந்திருக்க வேண்டும். முன்கூட்டியே மயக்கிவிட்டால், ‘இதயம் சரியில்லை, வேண்டாம்’ என்று தகவல் வந்தால் அவ்வளவு பலவீனமான நோயாளியை மயக்கியதே வீண் ஆபத்து. தாமதித்தால் பெட்டிக்குள் இதயம் காத்துக்கிடக்கும். ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சு திறந்து தைத்தவர் என்றால் உள்ளே எல்லாம் ஒட்டியிருக்கும். ஒரு மணி நேரமாவது முன்னதாக ஆரம்பிக்க வேண்டும்.

தலைமாட்டிலிருந்து

இதயம் முற்றிலும் தளர்ந்தவருக்கு மயக்கம் கொடுப்பது எங்கள் தொழிலில் வயிற்றைக் கலக்கும் வேலைகளில் ஒன்று. வாஷ்கான்ஸ்கி மாதிரி ஒருவர் உயிரோடு இருப்பதே அவருடைய அட்ரினலின் தயவில். பயம், மூச்சுத்திணறல், விழிப்பு எல்லாமாகச் சேர்ந்து இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்து அழுத்தத்தை நிறுத்தி வைத்திருக்கின்றன. தூங்கவைத்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். அழுத்தம் தரை தட்டும்.

அவசரப்படவும் முடியாது. கையில் போட்ட மருந்து மூளைக்குப் போய்ச்சேர, சாதாரண ஆளுக்கு அரை நிமிடம் போதும் என்றால், இவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகும். ‘என்ன, இன்னும் கண் மூடவில்லையே’ என்று இன்னொரு ஊசி போட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே சமயத்தில் இறங்கும். மெதுவாகப் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஆனால் வயிறு காலியாக இருக்காது. கொடையாளர் எப்போது கிடைப்பார் என்று யாருக்கும் தெரியாததால் நோயாளி மதியச் சாப்பாடு சாப்பிட்டிருப்பார். சாப்பிட்டது நுரையீரலுக்குள் போய்விடாமல் சீக்கிரமாகக் குழாய் போட வேண்டும். மெதுவாகவும் செய், வேகமாகவும் செய் என்றால் என்னதான் செய்வது? எட்டோமிடேட், ஃபென்டனில் மாதிரி இதயத்தை அதிகம் அமுக்காத மருந்துகளைச் சின்னச் சின்ன அளவில் கொடுத்து, அட்ரினலினைப் பக்கத்திலேயே ஓட விட்டு, அறுவை மருத்துவர் கையுறை போட்டு நிற்க, பம்பு தயாராக இருக்க, அப்புறம்தான் இன்று நாங்கள் ஆரம்பிக்கிறோம். ஒசின்ஸ்கியிடம் எட்டோமிடேட்டும் இல்லை, இதயத்தைத் திரையில் காட்டும் எக்கோ குழாயும் இல்லை. விரல் நாடியில், கண் அழுத்தமானியில்.

அன்றிரவு பம்பில் போடும்போதே ஒரு சிக்கல் வந்தது. தொடைத் தமனி வழியாக இரத்தத்தைத் திருப்பி அனுப்பினார்கள். சர்க்கரையும் புகையும் சேர்ந்து அந்தத் தமனியைச் சுருக்கியிருந்ததால் குழாயில் அழுத்தம் ஏறியது. மகாதமனிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. முழு உடம்பின் இரத்த ஓட்டமும் அந்த ஒரு குழாயை நம்பியிருக்கும்போது அதை இடம் மாற்றுவது என்ன பாடு என்பது பம்பருகே நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

பழைய இதயத்தை எடுத்த பின் நெஞ்சுக்குள் பெரிய பள்ளம். பல வருடங்களாக வீங்கிப் பெருத்த இதயம் இருந்த இடம் அது. அதில் ஒரு இளம்பெண்ணின் இதயத்தை வைத்தபோது சின்னதாகத் தெரிந்தது. தைத்து முடித்து, சூடேற்றி, ஒரு மின் அதிர்ச்சி கொடுத்ததும் துடித்தது. பம்பை நிறுத்திப் பார்த்தபோது முதல் தடவை அழுத்தம் நிற்கவில்லை. மறுபடி பம்பு, மறுபடி முயற்சி. அதற்கப்புறம்தான் புது இதயம் பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

இந்த இடத்தில் முதலில் தடுமாறுவது பெரும்பாலும் வலது கீழறை. கொடையாளரின் வலது இதயம் சாதாரண நுரையீரலுக்கு இரத்தம் தள்ளிப் பழகியது. பெறுபவரின் நுரையீரல் குழாய்களோ வருடக்கணக்கான இதயச் செயலிழப்பால் இறுகிப்போனவை. சமவெளியில் வண்டி இழுத்த மாட்டைத் திடீரென்று மலைப்பாதையில் பூட்டின மாதிரி. அதனால்தான் நுரையீரல் இரத்த அழுத்தம் மிக அதிகமாகி, மருந்துக்கும் இறங்காதவர்களுக்கு இதயம் மட்டும் மாற்றுவதில்லை. மற்றவர்களுக்குத் தலைமாட்டில் நிற்பவர் செய்ய வேண்டியது: ஆக்சிஜன் குறையக் கூடாது, கரியமில வாயு தேங்கக் கூடாது, உடம்பு குளிரக் கூடாது, இரத்தம் அமிலமாகக் கூடாது. இந்த நான்கில் எது தவறினாலும் நுரையீரல் குழாய் இன்னும் இறுகும். அதைத் தளர்த்த இப்போது மில்ரினோன் மருந்தும் மூச்சோடு கொடுக்கும் நைட்ரிக் ஆக்சைடும் கையில் இருக்கின்றன.

சொல்லாத இதயம்

எடுத்த இதயத்தின் இரத்தக் குழாய்களைத் தைத்துவிடலாம். நரம்புகளைத் தைக்க முடியாது. இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பும் வேகப்படுத்தும் பரிவு நரம்புகளும் அறுந்தது அறுந்ததுதான். சில வருடங்களில் ஓரளவு திரும்ப வளரலாம், அவ்வளவே. இந்த ஒரு உண்மையிலிருந்துதான் எங்கள் வேலையில் பாதி கிளம்புகிறது.

சாதாரண இதயத்தை வேகஸ் நரம்பு கடிவாளம் மாதிரி இழுத்துப் பிடித்திருக்கிறது. கடிவாளம் போனால் இதயம் தன் சொந்தத் தாளத்தில் நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கும். அறுவை முடிந்த முதல் நாட்களில் அந்த அளவுக்குக் கீழே போகாமல் துடிப்பைக் கூட்டும் ஐசோப்ரினலின் மருந்தோ பேஸ்மேக்கர் கம்பியோ வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். பனியில் கிடந்து வந்த இதயம் விறைப்பாக இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் அதிகம் தள்ளாது. எண்ணிக்கையில்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஒரு தப்பைச் சொல்ல வேண்டும், என்னுடையது. பயிற்சியில் இருந்த காலம். மாற்று இதயம் பெற்று ஒரு வருடம் ஆனவர், பித்தப்பைக் கல் எடுக்க வந்திருந்தார். நடுவில் நாடி 50-க்கு இறங்கியது. கை தன்னால் அட்ரோபினுக்குப் போயிற்று. போட்டேன். திரையைப் பார்த்தேன். 50. இன்னொரு ஊசி போட்டேன். 50. மருந்து காலாவதியானதோ என்று குப்பியைத் திருப்பித் தேதி பார்த்தேன். உள்ளே வந்த மூத்தவர் திரையையும் என் கையையும் பார்த்தார். “அங்க வேகஸே இல்லப்பா, நீ யாரைத் தடுக்கிற?” என்று கேட்டுக்கொண்டே ஐசோப்ரினலினைக் கலந்து மாட்டினார். நாடி ஏறியது. அட்ரோபின் வேகஸ் நரம்பின் பிடியை விடுவிக்கும் மருந்து என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். அது கைக்குத் தெரியவில்லை.

நேரடியாக இதயத் தசையில் வேலை செய்யும் ஐசோப்ரினலின், அட்ரினலின், டோபுடமின் இவைதான் இங்கே கேட்கும். நரம்பு முனையிலிருந்து வேதிப்பொருளை வெளியே தள்ளி வேலை செய்யும் எஃபெட்ரின் அரைகுறையாகத்தான் கேட்கும். துடிப்பைக் குறைக்கக் கொடுக்கும் அடினோசின் மாறாக அளவுக்கு மீறிக் கேட்கும். வழக்கமான அளவைக் கொடுத்தால் இதயம் நெடுநேரம் நின்றுவிடும் ஆபத்து உண்டு.

மருந்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. மயக்கம் ஆழமாக இருக்கிறதா என்று நாங்கள் பாதி நேரம் நாடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். கத்தி படும்போது நாடி குதித்தால் மயக்கம் போதவில்லை. நரம்பறுந்த இதயம் குதிக்காது. அட்ரினல் சுரப்பியிலிருந்து ஹார்மோன் இரத்தத்தில் கலந்து இதயத்துக்கு வந்துசேர்ந்த பிறகுதான், சில நிமிடம் கழித்து, மெல்ல ஏறும். இரத்தம் கசிந்தாலும் அப்படித்தான்; நாடி எச்சரிக்கை மணி அடிக்காது, அழுத்தம் மட்டும் சரியும். மணியை நம்பிப் பழகினவர் இங்கே ஏமாந்துபோவார். இந்த இதயத்துக்கு உள்ளே வரும் இரத்தத்தின் அளவுதான் எல்லாம். நீர் குறைந்தால் நாடியால் சமாளிக்கத் தெரியாது.

கட்டிலோரத்தில் செவிலியருக்கும் இதே கதைதான். படுத்திருப்பவரை எழுப்பி உட்காரவைத்தால் நம் இதயம் உடனே வேகம் கூட்டிக்கொள்ளும். இவருக்குக் கண் இருட்டும். முதலில் தலைப்பக்கத்தை உயர்த்தி, அப்புறம் காலைத் தொங்கவிட்டு, அப்புறம் நிறுத்தி, ஒவ்வொரு படியிலும் அழுத்தம் பார்க்க வேண்டும். நடைப்பயிற்சிக்கு முன் கட்டிலிலேயே கை கால் அசைத்துச் சூடேற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும். நடந்து முடித்ததும் சட்டென்று உட்கார விடக் கூடாது. பழைய இதயத்தின் மேலறைப் பகுதியை விட்டுவைத்துத் தைக்கும் முறையில் ஈசிஜியில் மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலைகள் இரண்டு தெரியும். ஒன்று நோயாளியின் சொந்த மேலறையுடையது, இன்னொன்று வந்த இதயத்துடையது. முதல்முறை பார்க்கிற சிஸ்டர் கருவியில் கோளாறு என்று நினைத்து ஒட்டுப்பட்டைகளை மாற்றி மாற்றி ஒட்டுவார்.

18 நாட்கள்

வாஷ்கான்ஸ்கி விழித்தார், மூச்சுக்குழாய் எடுத்த பிறகு பேசினார், சாப்பிட்டார், மனைவியைப் பார்த்தார். கால் வீக்கம் வடிந்தது. உள்ளே வருபவர்கள் மேலங்கியும் முகமூடியும் போட்டுத்தான் வர வேண்டும். ஆனால் உலகின் முதல் நோயாளி. வாசலில் பத்திரிகைக்காரர்கள் மொய்த்தார்கள். ஒலிவாங்கி கட்டில்வரை போயிற்று.

உடல் புது இதயத்தை நிராகரிக்காமல் இருக்க அசாதியோப்ரினும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். ஆக்டினோமைசினும் இதயத்துக்குக் கோபால்ட் கதிர்வீச்சும் சேர்ந்தன. கோபால்ட் இயந்திரம் கட்டிலைத் தேடி வராது. கட்டில்தான் அதைத் தேடிப் போக வேண்டும். எதிர்ப்புச் சக்தியே இல்லாத ஒருவரை மருத்துவமனை நடைபாதை வழியாகத் தள்ளிக்கொண்டு போவதை இன்று யோசித்தால் செவிலியர் யாருக்கும் நெஞ்சு பதைக்கும். அன்று வேறு வழி தெரியவில்லை.

நிராகரிப்பு வந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க அப்போது நேர்வழி இல்லை. ஈசிஜி அலைகளின் உயரம் குறைகிறதா, என்சைம் அளவு ஏறுகிறதா, நாடி கூடுகிறதா, எடை ஏறுகிறதா என்று பக்கவாட்டுத் தடயங்களை வைத்து ஊகிப்பதுதான். இரண்டாவது வாரம் முடியும் தறுவாயில் நோயாளி சோர்ந்தார். நெஞ்சில் அசௌகரியம். எக்ஸ்ரேயில் நுரையீரலில் நிழல். நிராகரிப்பால் இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்ததா? இரத்தக் கட்டி போய் அடைத்ததா? நிமோனியாவா?

இந்தக் கேள்வியின் கொடுமை, நிராகரிப்புக்கும் நிமோனியாவுக்குமான சிகிச்சைகள் நேரெதிர் என்பதுதான். நிராகரிப்பு என்றால் எதிர்ப்புச் சக்தியை இன்னும் அமுக்க வேண்டும். தொற்று என்றால் அமுக்குவதைக் குறைக்க வேண்டும். நிராகரிப்பு என்று எண்ணி ஸ்டீராய்டைக் கூட்டினார்கள். இருந்தது இரண்டு பக்க நிமோனியா. க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ், மருத்துவமனைகளில் குடியிருக்கும் கிருமிகள். மறுபடி வென்டிலேட்டர். டிசம்பர் 21 காலையில் இறந்தார்.

பர்னார்டு மேல் பழி போடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்டீராய்டு சாப்பிடும் உடம்பு காய்ச்சலைக் காட்டாது, சளியைக் காட்டாது, வலியையும் குறைத்துக் காட்டும். இதயம் ஏற்கெனவே நரம்பறுந்து வாய் மூடியிருக்கிறது. மருந்து உடம்பின் மற்ற வாய்களையும் மூடிவிட்டது. அப்படிப்பட்டவரிடம் நோய் வெளிச்சத்துக்கு வருவது எக்ஸ்ரேயில் இல்லை, அதற்கு ஒரு நாள் முன்பு காலை ட்யூட்டி செவிலியரின் கண்ணில். நேற்று தானே பல் துலக்கியவர் இன்று துலக்கவில்லை. மூச்சு எண்ணிக்கை 18-லிருந்து 24. உடல்சூடு 99-தான், ஆனால் இவருக்கு அது 97-ல் இருக்கும். இட்லி இரண்டு சாப்பிடுபவர் அரையில் தட்டைத் தள்ளினார். சார்ட்டில் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. சேர்த்துப் பார்த்து ‘டாக்டர், இவர் சரியில்லை’ என்று சொல்கிற செவிலியரை ‘என்ன சரியில்லை, நம்பர் சொல்லுங்க’ என்று திருப்பி அனுப்பும் பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது.

இன்று நிராகரிப்பா என்று தெரிந்துகொள்ள இதயத்திலிருந்தே கடுகளவு தசையைக் கிள்ளி எடுத்துப் பார்க்கிறோம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஃபிலிப் கேவ்ஸ் 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த கருவி அது. வலது கழுத்துச் சிரை வழியாக உள்ளே போகும். முதல் மாதம் வாரத்துக்கு ஒருமுறை. இதனால்தான் பல இடங்களில் மயக்க மருத்துவர் அறுவையன்று லைன் (மருந்து செலுத்தச் சிரைக்குள் விடும் குழாய்) போடும்போது வலது கழுத்தை விட்டு இடது கழுத்தில் குத்துவார். வலது பக்கம் நேராக இதயத்துக்குள் இறங்கும், எங்களுக்கும் அதுதான் வசதி. ஆனால் அந்தச் சிரையைப் பிற்பாடு பத்துப் பதினைந்து முறை பயன்படுத்த வேண்டியிருக்கும். தேவை தீர்ந்த லைனை ஒரு நாள்கூடக் கூடுதலாக விடுவதில்லை. ஒவ்வொரு குழாயும் கிருமிக்கு ஒரு வாசல்.

நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தும் மாறிவிட்டது. 1980-களில் சைக்ளோஸ்போரின் வந்து கதையைத் திருப்பியது. இப்போது பெரும்பாலும் டாக்ரோலிமஸ். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, மணி தவறாமல். அளவு பார்க்க இரத்தம் எடுப்பது காலை மாத்திரைக்கு முன்பு. மாத்திரை கொடுத்துவிட்டு எடுத்தால் அளவு தாறுமாறாகக் காட்டும், அதை நம்பி மருத்துவர் மாத்திரையைக் குறைப்பார், நிராகரிப்பு வரும். ஐந்து நிமிட வரிசை மாற்றம்தான். வீட்டுக்குப் போகும்போது செவிலியர் சொல்லும் பட்டியலில் பம்பளிமாஸ் சாப்பிடக் கூடாது என்றும் இருக்கும். அது இந்த மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். சளிக்கு ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கு மாத்திரை என்று மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்வதும் அதே வம்பில் கொண்டுவிடும்.

இங்கே ஒரு பெயரைச் சொல்லாமல் போனால் மனம் கேட்காது. ஹாமில்டன் நாக்கி. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலைக்குச் சேர்ந்த கறுப்பினத்தவர். ஒருநாள் ஆய்வகத்தில் ஒட்டகச்சிவிங்கி ஒன்றை மயக்கி வைத்திருக்கும்போது பிடித்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். அங்கிருந்து விலங்குகளுக்கு மயக்க மருந்து கொடுக்கக் கற்று, பிறகு மாற்று அறுவையே செய்து, இளம் மருத்துவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். டெனீஸின் இதயத்தை எடுத்ததே இவர்தான் என்று 2005-ல் அவர் இறந்தபோது பெரிய பத்திரிகைகள் எழுதின. பிறகு திருத்தம் போட்டன. அன்றிரவு அவர் தியேட்டரில் இல்லை. நிறவெறிச் சட்டம் இருக்க விட்டிருக்காது. இல்லாத புகழை ஏற்றிச் சொல்லத் தேவையே இல்லாத அளவுக்கு அவர் செய்தது இருக்கிறது.

இரண்டாவது கட்டில்

1968 ஜனவரி 2 அன்று பல் மருத்துவர் ஃபிலிப் ப்ளைபெர்க் அதே மருத்துவமனையில் அடுத்த இதயத்தைப் பெற்றார். அறுவை ஏறக்குறைய அதேதான். அறை வேறு. கிருமி நுழையாத தனிப் பகுதி, உள்ளே போக உடை மாற்றம், கண்ணாடிக்கு வெளியே நிற்கும் உறவினர்கள். மார்ச் 16-ல் தன் காலில் நடந்து வீட்டுக்குப் போனார். 19 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்.

அந்த வருடம் உலகமெங்கும் 100-க்கும் மேற்பட்ட இதய மாற்றுகள் நடந்தன. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பி.கே. சென் பிப்ரவரியில் செய்தார். நோயாளி சில மணி நேரமே இருந்தார். பெரும்பாலோர் வாரங்களில் இறந்தார்கள். தைக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்; அதன் பிறகு கட்டிலோரத்தில் நிற்கத் தயாரான இடங்கள் கொஞ்சம்தான். பலர் கையைக் கழுவிவிட்டார்கள். இந்தியாவில் வெற்றிகரமான இதய மாற்று நடக்க 1994 ஆகஸ்ட் வரை, டெல்லி எய்ம்ஸில் பி. வேணுகோபால் செய்யும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ப்ளைபெர்க் 1969 ஆகஸ்டில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய மாற்று இதயத்தின் தமனிகள் எல்லாம் தடித்துச் சுருங்கியிருந்தன. நாள்பட்ட நிராகரிப்பின் முகம் அது. அன்றுவரை மனிதரிடம் அதிகம் பார்த்திராதது. வேறு யாருக்காவது அவ்வளவு அடைப்பு இருந்தால் படி ஏறும்போதே நெஞ்சைப் பிடித்திருப்பார்கள். வலி சொல்லும் நரம்பு அறுந்த இதயத்திடம் அந்த அடையாளத்தை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் இப்போது மாற்று இதயம் பெற்றவர்கள் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் குறித்த காலத்தில் ஆஞ்சியோவுக்கு வருகிறார்கள். சேர்க்கும்போது படிவத்தில் ‘நெஞ்சு வலி உண்டா’ என்று ஒரு கட்டம் இருக்கும். பழகின சிஸ்டர் அதில் ‘இல்லை’ என்று நிரப்பிவிட்டு, “மாடி ஏறும்போது முன்னைவிட எங்கயாவது நின்னு நின்னு ஏறுறீங்களாண்ணா?” என்று கேட்பார்.